இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்

“தம்பி, நம்ம சிஸ்டத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு இருக்குய்யா. ஒண்ணுல ஆடிப்பூரம் நோட்டீஸ் இருக்கு, இன்னொண்ணு காலியா கெடக்கு. பேருல ஒரு எழுத்துகூட மாறல. எப்படி?”

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஜெராக்ஸ், டிடிபி, கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பு என்று கடை நடத்தும் அண்ணாச்சி போனில் கேட்ட கேள்வி இது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வைக்க எந்தக் கணினியும் விடாது. அது பாலபாடம். அண்ணாச்சி கண் டாக்டரைப் பார்த்து நாளாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். எனக்கும் இரண்டுதான் தெரிந்தது.

அந்தப் புதிருக்குப் போவதற்கு முன் வேறு சில முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருந்தது. அன்று கடையில் கோளாறு அது ஒன்று மட்டும் இல்லை. கவுன்டரில் புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினி. உள்ளே டிசைன் செய்கிற தங்கச்சிக்கு விண்டோஸ் 10. அண்ணாச்சியின் மகன் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு வரும் மேக். ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின். மூலையில், பக்கவாட்டு மூடி கழன்ற ஒரு பெட்டி; அதில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி, கடையின் மொத்த வேலையையும் ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: ராஜபாளையம், சத்திரப்பட்டி, தளவாய்புரம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர். புதுக் கணினி வந்த நாளிலிருந்து யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு ஃபைல் கொடுக்கப் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.

லினக்ஸ் இந்தப் பக்கத்துக்கு அந்நியச் சரக்கு இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது என்பது வழக்குக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். நாடு முழுவதும் மின்-நீதிமன்றத் திட்டத்தில் நீதிமன்றங்களுக்கு வந்த கணினிகள் உபுண்டுவில் ஓடுபவை. வெளியே மனு அடித்துக் கொடுக்கிற டைப்பிங் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ். ஆகவே இந்த இரண்டு உலகங்களும் சந்திப்பது இங்கே அன்றாடம் நடப்பது.

கோப்புப் பகிர்வு நின்றுபோனால் நம்மவர்கள் செய்வது வழக்கமாக மூன்று காரியம். ஃபயர்வாலை அணைப்பார்கள். ஃபோல்டரில் ‘எவரிஒன்’ என்பவருக்கு முழு அதிகாரம் கொடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார்கள். சில சமயம் வேலையும் செய்துவிடும். சாவி சேரவில்லை என்று கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த மாதிரி அது. நான் கேட்பது வேறு கேள்வி: இரண்டு கணினிகளுக்கும் இடையில் நடந்த பேச்சு எந்த இடத்தில் முறிந்தது? ஒருவர் காதில் மற்றவர் குரல் விழுந்ததா. விழுந்தால் மொழி புரிந்ததா. புரிந்தால் ஆளை அடையாளம் தெரிந்ததா. தெரிந்தால் உள்ளே விட அனுமதி இருந்ததா? இந்த வரிசையில்தான் பேச்சு நடக்கிறது. பழுதையும் இதே வரிசையில் தேடினால் அரைமணி நேர வேலை.

குரல் விழுகிறதா என்று பார்ப்பது சுலபம். ரௌட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி எண் கொடுக்கிறது. சாதாரணக் கடை ரௌட்டரில் எல்லா எண்களும் 192.168.1 என்பது போல ஒரே மாதிரி தொடங்கி, கடைசியில் மட்டும் வேறுபடும். ஒரு கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், அது ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராமல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண். அப்போது கேபிளைச் சந்தேகியுங்கள். அண்ணாச்சி எண்ணைப் பார்க்காமலே இரண்டு கேபிள் மாற்றியிருந்தார். இன்னொரு வகை உண்டு: ஒரு கணினி கடையின் வைஃபையிலும் இன்னொன்று ‘விருந்தினர்’ வைஃபையிலும் இருக்கும். விருந்தினர் வைஃபையின் வேலையே உள்ளே இருப்பவர்களை அண்டவிடாமல் வைப்பதுதான்.

இன்னொரு கணினியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை எல்லோரும் நம்புகிறார்கள். பதில் வந்தால் நம்பலாம். வராவிட்டால் அந்தக் கணினி செத்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. விண்டோஸ் தன் இணைப்பைப் ‘பொது’ என்று குறித்துக்கொண்டிருந்தால் பிங்குக்கு வாய் திறக்காது, கோப்புப் பகிர்வையும் மூடிவைக்கும். ரயில் நிலைய வைஃபையில் அப்படித்தான் இருக்க வேண்டும். சொந்தக் கடையில் அதைத் ‘தனிப்பட்ட’ இணைப்பு என்று மாற்றினால் போதும். ஃபயர்வால் பாட்டுக்கு ஓடட்டும்.

கவுன்டர் கணினியில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லாம் போச்சு என்று முடிவு செய்திருந்தார்கள். ஃபோல்டர் முகவரிப் பட்டையில் \\192.168.1.12 என்று லினக்ஸ் பெட்டியின் எண்ணை நேராக அடித்தேன். உடனே பாஸ்வேர்டு கேட்டது. அதாவது ஆள் வீட்டில் இருக்கிறார்; வாசலில் பெயர்ப்பலகைதான் இல்லை.

பெயர்ப்பலகை காணாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய விண்டோஸ் கணினிகள் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வலையில் கூவிக்கொண்டே இருக்கும். தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒரு கணினியைப் பட்டியல் பார்க்கிற கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்ளும். புதிதாக வந்த கணினி பட்டியலில் ஏறப் பல நிமிடம் ஆகும், அணைத்துப் போன கணினி பட்டியலில் தங்கியே இருக்கும். இந்த ஏற்பாடு கோப்புப் பகிர்வு மொழியின் முதல் பதிப்போடு ஒட்டிப் பிறந்தது. அந்தப் பதிப்பை விண்டோஸ் கைவிட்டதும் கணக்குப்பிள்ளைக்கும் வேலை போனது. இப்போது விண்டோஸ் வேறொரு முறையில் அக்கம்பக்கத்தாரைத் தேடுகிறது; மேக்கும் லினக்ஸும் இன்னொரு முறையில். லினக்ஸில் ஒரு சின்ன உதவி நிரலை நிறுவினால் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியும். நிறுவாவிட்டாலும் எண்ணை அடித்து உள்ளே போகலாம். ஒருமுறை போய்விட்டு அதை ஒரு டிரைவ் எழுத்தாகப் பொருத்திவிட்டால் பெயர்ப்பலகை தேவையே இல்லை.

அந்த மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. அதன் பதிப்புகளை அவர்கள் அழைக்கும் சொல்லே ‘வட்டார வழக்கு’ என்று பொருள்படுவது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கடைவீதிக்கு வந்தால் தமிழ். வங்கிக்கு வந்த மேனேஜர் வடக்கத்தியார் என்றால் ஆங்கிலம். எதிரே நிற்பவருக்கு என்ன தெரியும் என்று இரண்டு வாக்கியத்தில் தெரிந்துகொண்டு அதற்குத் தாவிவிடுவார்கள். எஸ்எம்பியும் இதையே செய்கிறது. கூப்பிடுகிற கணினி தனக்குத் தெரிந்த வழக்குகளையெல்லாம் பட்டியல் போட்டு அனுப்பும். பதில் சொல்கிற கணினி அதில் தனக்கும் தெரிந்த மிகப் புதியதைத் தேர்ந்தெடுக்கும். பொதுவாக ஒன்றும் இல்லையென்றால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். திரையில் வருவது மட்டும் ‘பாதை கிடைக்கவில்லை’ என்கிற மாதிரி சம்பந்தமில்லாத ஒரு வாசகமாக இருக்கும். மனிதர்களைக் கேபிள் மாற்ற வைப்பது இந்த வாசகம்தான்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு முதல் வழக்கு மட்டும்தான் தெரியும். விஸ்டாவோடு இரண்டாம் வழக்கு வந்தது, 2012-ல் விண்டோஸ் 8-ஓடு மூன்றாவது. முதல் வழக்கை ஏன் ஒழித்தார்கள் என்பதற்குப் பதில் 2017 மே 12. அன்று கிளம்பிய வான்னாகிரை என்ற வைரஸ், விண்டோஸின் முதல் எஸ்எம்பியில் இருந்த ஓர் ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது என்பதுதான் கொடுமை; போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் வழக்கு தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் பக்கம் 2019-ல் அதை இயல்பாக அணைத்துவைத்தார்கள்.

அண்ணாச்சியின் ஜெராக்ஸ் மெஷினுக்கு அந்த முதல் வழக்கைத் தவிர வேறு தெரியாது. முன்பிருந்த கவுன்டர் கணினி அதைப் புரிந்துகொண்டது. புதுக் கணினிக்குப் புரியவில்லை. மெஷின் விற்றவர்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லாக் கணினியிலும் பழைய எஸ்எம்பியைத் திரும்ப இயக்கிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார்கள். இந்த யோசனையை நான் எங்கே கேட்டாலும் மறுப்பேன். ஒரு கிழட்டு மெஷினுக்காக நாலு கணினியின் பின்வாசலைத் திறந்துவைக்கச் சொல்வது அது. மெஷினில் எஃப்டிபி என்ற இன்னும் பழைய வழியும் இருந்தது. அதை லினக்ஸ் பெட்டியில் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கட்டிவிட்டோம். ஸ்கேன் வந்து விழுகிறது, விண்டோஸ் கணினிகள் அங்கிருந்து புதிய வழக்கில் எடுத்துக்கொள்கின்றன. ராஜபாளையத்து மில்களில் இதே தொல்லை பெரிய அளவில் உண்டு. பஞ்சாலைச் சோதனைக்கூடத்துக் கருவி இருபது வருடம் ஓடும். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது. கருவியைத் தூக்கிப் போட முடியாது. அதற்கும் இதே வைத்தியம்தான்: இன்டர்நெட் தொடாத தனி வயரில் கருவியை வைத்து, நடுவில் ஒரு கணினியைத் துபாஷியாக நிறுத்துங்கள்.

அந்தத் துபாஷி வேலையை லினக்ஸில் செய்கிற மென்பொருள் சாம்பா. அது பிறந்த கதை எனக்குப் பிடித்தது. 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கணினியிலிருந்து சன் கம்பெனியின் யூனிக்ஸ் இயந்திரத்தில் உள்ள கோப்புகளை எடுக்க விரும்பினார். மொழியின் இலக்கணம் அவர் கையில் இல்லை. இரண்டு இயந்திரங்கள் வயரில் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்டார். ஒன்று இப்படிக் கேட்டால் மற்றது இப்படிச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டே போய், பதில் சொல்லும் நிரலை எழுதிவிட்டார். பாஷை தெரியாத ஊர் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் எந்தத் தட்டு வருகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்வது போல என்று அவரே பின்னாளில் விளக்கினார். தான் கற்றது எஸ்எம்பி என்பதே அவருக்குப் பிறகுதான் தெரியும். 1994-ல் நிரலின் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தபோது, எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று சாம்பா. மைக்ரோசாஃப்ட் முறையான ஆவணங்களைச் சாம்பாக்காரர்களுக்குக் கொடுத்தது 2007 டிசம்பரில், ஐரோப்பிய ஆணையத்தோடு நடந்த வழக்கில் தோற்ற பிறகு. அதுவரை பதினாறு வருடம் ஒட்டுக்கேட்டே ஓட்டியிருக்கிறார்கள். நீதிமன்றத்திலிருந்து கல்லூரி வரை லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸுக்குக் கோப்பு போகிற இடத்திலெல்லாம் அந்த உழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

மொழி புரிந்தது, அடுத்தது ஆள் யார் என்ற கேள்வி. கவுன்டர் கணினி கேட்ட பாஸ்வேர்டுக்கு அண்ணாச்சி லினக்ஸ் பெட்டியைத் திறக்கும் அதே பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடி தப்பு. “பெட்டியில போட்டா தொறக்குது, இங்க போட்டா மாட்டேங்குது” என்று அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இது பழுது இல்லை. எந்தக் கணினியும் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரைத்து மாவாக்கி வைக்கிறது. லினக்ஸ் அரைக்கிற ஆட்டுக்கல் வேறு, விண்டோஸ் கேட்கிற மாவு வேறு. ஒரு மாவிலிருந்து இன்னொன்றைச் செய்ய முடியாது, மாவிலிருந்து அரிசிக்கும் திரும்ப முடியாது. ஆகவே சாம்பா தனக்கென்று ஒரு பாஸ்வேர்டுப் பெட்டி வைத்திருக்கிறது. அதில் ஒருமுறை தனியாகப் பதிய வேண்டும். லினக்ஸ் பகிர்வில் மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். எதிர்த்திசையிலும் இதே போல ஒரு குழி உண்டு: விண்டோஸைத் திறக்க அடிக்கும் நாலு இலக்கப் பின் எண், அந்தக் கணினிக்கு மட்டுமானது. பகிர்வுக்கு அதை அடித்தால் ஆயுளுக்கும் திறக்காது. உண்மையான பாஸ்வேர்டு வேண்டும்.

“பாஸ்வேர்டே வேணாம், விருந்தாளியா உள்ள விட்டுருய்யா” என்றார் அண்ணாச்சி. பழைய கவுன்டர் கணினி அப்படித்தான் போய்வந்தது. விண்டோஸ் 11-ன் 2024 பதிப்பிலிருந்து அதுவும் இயல்பாக முடியாது. இப்போது ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நடுவில் யாரும் புகுந்து மாற்றவில்லை என்பதற்கான முத்திரை. அந்த முத்திரையைச் செதுக்கும் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவி இல்லை, ஆகவே கையெழுத்து இல்லை. மைக்ரோசாஃப்ட் பிடிவாதம் பிடிக்கிறது என்று திட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். சாம்பாவில் கடைக்கென்று ஒரு பயனரைப் பதிந்து, எல்லாக் கணினியிலும் அதையே நினைவில் வைக்கச் சொன்னோம்.

அனுமதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு உண்டு: பகிர்வின் பூட்டு வாசலில், கோப்பு முறைமையின் பூட்டு பீரோவில். இரண்டில் எது கடுமையோ அது ஜெயிக்கும். வாசலைத் திறந்து வைத்துவிட்டு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று புலம்புகிறவர்கள் பீரோவைப் பார்ப்பதில்லை. உபுண்டுவின் 2021 பதிப்பிலிருந்து ஒருவரின் வீட்டு ஃபோல்டருக்குள் அடுத்தவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால் கடை வேலையை யாருடைய வீட்டு ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் தனியாக ஓரிடத்தில் வைப்பது நல்லது.

இவ்வளவும் முடிந்து எல்லாக் கணினியும் பேச ஆரம்பித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். இனி மிச்சமிருந்தது பெயர்கள்.

கோப்புப் பெயர் விஷயத்தில் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் ஆசாரம். லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. தமிழில் அந்தப் பேதமே இல்லாததால் நாம் தப்பித்தோம். விண்டோஸுக்குப் பெயரில் முக்காற்புள்ளி ஆகாது, லினக்ஸில் ஆகும். ‘முகூர்த்தம் 9:00-10:30’ என்று லினக்ஸ் பெட்டியில் வைத்த பத்திரிகை, கவுன்டரில் எவருக்கும் புரியாத ஏதோ ஒரு குறுகிய பெயரில் தெரிந்தது. அது வைரஸ் இல்லை. விண்டோஸ் தாங்காது என்று சாம்பா வைத்த புனைபெயர்.

நீளத்தில் தமிழுக்கென்றே ஒரு வஞ்சனை இருக்கிறது. விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை விடும். லினக்ஸ் 255 பைட் வரை விடும். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் க, ல என்பவை மூன்று பைட். மேலே வைக்கும் புள்ளி தனியாக மூன்று. காலும் கொம்பும் தனித்தனியாக மூன்று. ஆக ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதுகிற இடத்தில் நமக்கு 85 குறிகள்தான். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்ற பெயர் மட்டுமே 18 குறி, 54 பைட். ஐந்தில் ஒரு பங்கு ஊர்ப்பெயருக்கே போய்விடும். டிசைன் செய்கிற தங்கச்சி ஒரு கோப்புக்கு இப்படிப் பெயர் வைத்திருந்தது: ‘ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா மகள் காதணி விழா பத்திரிகை கடைசித் திருத்தம் அண்ணாச்சி பார்த்தது’. பின்னால் வரும் புள்ளியும் மூன்றெழுத்து வால்பெயரும் சேர்த்து 250 பைட். கடைசியில் ‘சரி’ என்று ஒரு சொல் சேர்த்துச் சேமிக்கப் பார்த்தபோது 260 ஆகி, லினக்ஸ் பெட்டி வாங்க மறுத்துவிட்டது. அதே பெயர் விண்டோஸில் 96 குறிதான். கணினிக்குள்ளேயே வைத்தால் தாராளமாக நிற்கும். நெட்வொர்க் மறுபடி போய்விட்டது என்று அந்தத் தங்கச்சி பயந்துவிட்டது.

இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முதலில் நான் பழி போட்டது மேக்கின் மேல். காரணம் இருந்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று ஒரே குறி, எண் 3019. அல்லது ஏகாரக் கொம்பு 3015, பின்னால் கால் 3006 என்று இரண்டு குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை எந்தப் பெயரையும் இப்படிப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸ், லினக்ஸ் விசைப்பலகைகள் பொதுவாகச் சேர்த்து எழுதும். பழைய மேக்கில் ஜிப் கட்டிய ‘கோபுரம்’ லினக்ஸ் பெட்டியில் அவிழ்ந்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘கோபுரம்’ பக்கத்தில் இன்னொன்றாக எழும். லினக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதற்கு மருந்து உண்டு: இரண்டு வடிவமும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்வதால், பிரிந்ததைச் சேர்த்துவிடும் நிரல்கள் இருக்கின்றன.

ஆனால் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்ற பெயரில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ கிடையாது. மேக் நிரபராதி.

கடைசியில் இரண்டு பெயர்களையும் எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். 18 குறிகளில் 17 ஒன்றேதான். முதல் குறி மட்டும் ஒன்றில் 3000, மற்றதில் 2998. 3000 என்பது நாம் எல்லோரும் அறிந்த ஸ. 2998 என்பது ஶ, வடமொழிச் சொற்களைத் துல்லியமாக எழுத விரும்புகிறவர்களுக்காக 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட எழுத்து. தனியாக நின்றால் இரண்டின் உருவமும் வேறு. ஆனால் புள்ளி வைத்து ரீ சேர்த்தால் இரண்டுமே நம் பழைய கூட்டெழுத்தாகத் திரண்டுவிடும்: ஸ்ரீ, ஶ்ரீ. பெரும்பாலான எழுத்துருக்களில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 2005 வரை ஸகரத்தில்தான் எழுத முடிந்தது. அப்படி அடித்துவைத்த தமிழ் மலைமலையாக இருக்கிறது. ஒலிப்படி பார்த்தால் ஶகரம்தான் சரி என்று பிறகு யூனிகோடு முடிவு செய்தது. சில விசைப்பலகைகள் மாறின, சில மாறவில்லை. ஸ்ரீ என்று ஒரே விசை இருந்தால் அதற்குள் எது ஒளிந்திருக்கிறது என்பது அந்த நிரலை எழுதியவருக்கே வெளிச்சம்.

மேலும் கெட்ட செய்தி: கோபுரத்துக்கு இருந்த மருந்து இதற்குக் கிடையாது. பிரிந்ததைச் சேர்க்கும் அந்த நிரல்கள் இந்த இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்குவதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இவற்றை வேறு வேறு பெயராகவே நடத்தும். கவுன்டரில் ஒரு விசைப்பலகையில் அடித்து ஃபோல்டர் உண்டாக்கியிருக்கிறார்கள். உள்ளே வேறொரு விசைப்பலகையில் அதே பெயரை அடித்துத் தேடி, கிடைக்காமல், காணோம் என்று இன்னொன்று உண்டாக்கியிருக்கிறார்கள். காலை முழுக்க மூன்று இயங்குதளங்களைச் சமாதானம் பண்ணிவைத்த எனக்கு, கடைசி முடிச்சில் இயங்குதளத்துக்குச் சம்பந்தமே இல்லை என்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதற்கு ஊரில் கிடைக்கும் ஆலோசனை, பெயரையெல்லாம் ஆங்கிலத்தில் வைத்துவிடு என்பது. எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் இந்த ஊர்ப்பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பஸ் போர்டுகளைப் பார்த்தாலே தெரியும். இரண்டு ஃபோல்டர் இருந்த இடத்தில் ஆறு இருக்கும். நாங்கள் செய்தது இது: ஸகர ஸ்ரீயை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் கடையின் பழைய கோப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. காலியாகக் கிடந்த மற்ற ஃபோல்டரை நீக்கினோம். எல்லாக் கணினியிலும் ஒரே விசைப்பலகையை நிறுவினோம். ஊர்ப்பெயரைப் புதிதாக அடிக்காமல் இருப்பதிலிருந்தே பிரதி எடுத்து ஒட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அண்ணாச்சி அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து இன்னொன்றும் ஒட்டிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீபெரும்புதூர் என்று தமிழ்நாட்டில் ஸ்ரீயில் தொடங்கும் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. வாக்காளர் பட்டியலிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஸ்ரீயில் தொடங்கும் ஆட்பெயர்களுக்கும் குறைவில்லை. உங்கள் போனில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை ‘ஸ்ரீ’ என்று அடித்துக்கொள்ளுங்கள். போனில் அடித்ததைக் கணினிக்கு அனுப்பி, ஒன்றை வைத்து மற்றதைத் தேடிப் பாருங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் கேபிளை மாற்ற வேண்டாம்.